உப்புக் கரித்த மழை

அத்தியாயம் பதினான்கு

ஒரு போத்தல் போனால் இன்னொன்று வாங்கலாமே என்று சுலபமாகச் சொல்கிறவர்கள், சண்டைக் காலத்தில் திருகோணமலையில் ஒரு குடும்பம் நடத்திப் பார்த்திருக்க வேண்டும்.

சுகிர்தமலரிடம் இருந்தது ஒரே ஒரு பெரிய பிளாஸ்டிக் போத்தல். துறைமுகக் கந்தோரில் நடந்த யாருடையதோ பிரியாவிடையிலிருந்து அவள் கணவன் பாக்கியரத்தினம் கொண்டுவந்த சோடாப் போத்தல். அதைக் கழுவிக் காயவைத்துத் தேங்காய் எண்ணெய் ஊற்றி வைத்திருந்தாள். போன ஞாயிற்றுக்கிழமை அவள் காளி கோயிலுக்குப் போய்த் திரும்புவதற்குள், எண்ணெய் ஒரு சட்டியிலும், போத்தலின் தலை ஒரு பக்கமும், உடம்பு இன்னொரு பக்கமுமாகக் குசினி நிலத்தில் கிடந்தன.

குற்றவாளிகள் மூன்று பேர். அவளுடைய பத்து வயது மகள் துஷ்யந்தி. அண்ணனுடைய ஆறு வயது மகள் கஸ்தூரி. மூன்றாவது ஆள்தான் அவளுக்குத் தாங்கவே முடியாமல் போனது. அடுப்பில் காய்ச்சிய மீன் வெட்டும் கத்தியைக் கையில் பிடித்துக்கொண்டு, உருகிய பிளாஸ்டிக்கை ஊதி ஊதிப் பார்த்துக்கொண்டிருந்தவர், நாற்பத்தைந்து வயதான அவளுடைய சொந்த அண்ணன் சோமசேகரம்.

"மழைமானி, அம்மா. ரீச்சர் வீட்டில செய்து ஒரு கிழமை அளந்துகொண்டு வரச் சொன்னவ" என்றாள் துஷ்யந்தி.

"ரீச்சரை எண்ணெய் தந்து அனுப்பச் சொல்லு."

கோபித்து என்ன பயன்? தலை போன போத்தல் போனதுதான். வெட்டிய தலைப்பக்கத்தை மூடியில்லாமல் தலைகீழாக வைத்தால் அது புனல். போத்தலின் அடி மேடும் பள்ளமுமாக இருந்ததால், சுகிர்தமலர் பூச்சாடியில் போட்டிருந்த கூழாங்கற்களைக் கேளாமல் எடுத்து உள்ளே நிரப்பினார்கள். கல் மறையத் தண்ணீர் ஊற்றி, அந்த மட்டத்தில் பூச்சியம் என்று கோடு கீறி, அதிலிருந்து மேலே அளக்க, மருந்துப் பெட்டியில் இருந்த கடைசிப் பிளாஸ்டரில் அடிமட்டம் வைத்து மில்லிமீற்றர் குறித்து ஒட்டினார்கள். காய்ச்சல் வந்தாலும் காயம் வந்தாலும் இனி அந்த வீட்டில் மழையைத்தான் அளக்க வேண்டும்.

நிலத்தில் பாதி புதைத்து வைக்கச் சொல்லி ரீச்சர் சொன்னாராம். அதற்கு மட்டும் சுகிர்தமலர் ஒரேயடியாக மறுத்துவிட்டாள். வீட்டு முன்னால் போகிற அந்த ஒழுங்கையில் யாரும் குழி தோண்டிப் போத்தல் புதைக்க மாட்டார்கள். சந்தியில் துவக்கோடு காவல் நிற்கிற சென்றிக்காரருக்கு மழைமானியைப் பற்றி எந்தப் பாஷையில் விளங்கப்படுத்துவது? கடைசியில் முன்மதில் தூணின் உச்சியில், நான்கு செங்கல் அணைத்து வைத்தார்கள். துஷ்யந்தி எட்டிப் பார்த்தால் தெரியும். கஸ்தூரியை யாராவது தூக்க வேண்டும். தூக்குகிற வேலையை அவளுடைய அப்பா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

இதோடு முடிந்திருந்தால் இந்தக் கிழமைக்குக் கதையே இல்லை. போத்தலைத் தூணில் வைத்த பிறகு அண்ணன் தையல் பெட்டியைத் திறந்து ஒரு சிவப்பு நூல் எடுத்தார். போத்தலின் நடுவில், அளந்து பார்த்து, இறுக்கிக் கட்டினார்.

"தண்ணி இந்த நூலைத் தொட்டா, அங்க வயல் உழுற பதத்துக்கு நனைஞ்சிட்டுது எண்டு அர்த்தம். அண்டைக்கு நான் லாஞ்சியேறுவன்."

அங்க என்றால் கட்டைபறிச்சான். கொட்டியாரக் குடாவுக்கு அந்தப் பக்கம், லாஞ்சிப் படகில் கடக்க வேண்டும். ஷெல் விழத் தொடங்கிய வைகாசியில், மனைவி அன்னலட்சுமியையும் மகளையும் இரண்டு பைகளையும் கூட்டிக்கொண்டு மூதூரில் லாஞ்சியேறித் தங்கச்சி வீட்டுக்கு வந்தவர் சோமசேகரம். "ரெண்டு கிழமை, மலர்" என்றுதான் படலையைத் திறந்தார். இப்போது ஐப்பசி. போன மாதம் வயல் பார்த்துவரப் போன அவர்களுடைய ஊர்க் கனகரத்தினம் இன்னும் திரும்பவில்லை. எங்கே என்று கேட்க யாரும் இல்லை.

"விளையாடுறீங்களோ, அண்ணன்? உயிர் போற விசயத்தைச் சோடாப் போத்தலிட்டயோ கேக்கிறது?"

"வேற ஆரிட்டக் கேக்கிறது? அங்கயிருந்து ஒரு சனம் வரேல்ல. நாலு நாளைக்கு மேல அங்க நிக்கவும் ஆமி விடமாட்டாங்கள். முந்திப் போனா மண் காய்ஞ்சு கிடக்கும். பிந்திப் போனா இந்த வருசம் விதைப்பே இல்லை. குடாவுக்கு இக்கரையில பெய்யிற மழைதான் அக்கரையிலயும் பெய்யும்."

அண்ணன் ஒரு முடிவு சொன்னால் அது முடிவு. சின்ன வயதிலிருந்தே அப்படித்தான்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் எல்லாரும் விடிந்ததும் கடவுள் படத்தைப் பார்க்கிறதுக்கு முதல் போத்தலைப் பார்த்தார்கள். புதன்கிழமை நல்ல மழை கொட்டியது. வியாழன் காலை எட்டிப் பார்த்த துஷ்யந்தி அழாக்குறையாகக் குசினிக்கு ஓடி வந்தாள். தண்ணீர் ஏறவில்லை. பூச்சியத்துக்கும் கீழே, கற்கள் வெளியே தெரியக் கிடந்தது.

"காகம் குடிச்சிருக்கும்" என்றாள் சுகிர்தமலர்.

"காகம் புனலைக் கழட்டிக் குடிச்சிட்டுத் திரும்பப் பூட்டி வைக்குமோ? பூச்சியத்துக்குக் கீழ மழை பெய்யாது, அம்மா."

அடுத்த வீட்டு ஸல்ஹாவும் அதே வகுப்பு. அவளுடைய போத்தலில் புதன்கிழமை மழை அழகாக ஏறி நின்றது. ஒரே மதிலுக்கு அந்தப் பக்கம் மழை பெய்து இந்தப் பக்கம் வற்றிப்போனதை எந்த ரீச்சர் நம்புவார்?

"இந்த வீட்டில ஒரு மழையை ஒழுங்கா அளக்க ஏலாது" என்று துஷ்யந்தி புறுபுறுத்தாள். உண்மையைச் சொன்னால், தண்ணீர் வற்றியதில் சுகிர்தமலருக்கு உள்ளுக்குள் சந்தோசம்.

இது சனிக்கிழமை.

விடிய அவள் தேத்தண்ணிக்கு வைத்த தண்ணீர் கொதிக்கிறதுக்கு முன்பே வாசலில் அண்ணனுடைய குரல் கேட்டது.

"மலர்! ஓடி வா! நூலுக்கு மேல நிக்குது!"

ஓடிப் போனாள். நின்றது. சிவப்பு நூலை மூடிக்கொண்டு, அதற்கும் மேலே ஒரு விரல் உயரம் தண்ணீர் நின்றது. அண்ணன் கஸ்தூரியைத் தூக்கிக் காட்டினார். அது ஒரு கணம் சும்மா இருக்கிற பிள்ளையா? புனலைத் தள்ளிவிட்டு விரலை உள்ளே விட்டு நக்கியது.

"உப்புக் கரிக்குது, அப்பா."

"கடல் காத்தடி" என்று சொல்லி அண்ணன் அவளைச் சட்டென்று இறக்கிவிட்டார்.

துஷ்யந்தி புருவத்தைச் சுருக்கிக்கொண்டு நின்றாள். "இரவு தூறினது மட்டுந்தானே, மாமா? கொடியில விட்ட சாக்குக்கூட மேல்பக்கந்தான் நனைஞ்சிருக்கு."

"நீ நித்திரை. உனக்குத் தெரியாது. நான் பின்னேர லாஞ்சியில போறன்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னார். ஐந்து மாதமாக அந்த வீட்டில் அப்படி ஒரு சிரிப்பை சுகிர்தமலர் கண்டதில்லை. அதைப் பார்த்துக்கொண்டு நிற்க முடியாமல் அவள் திரும்பினாள். உள்ளே போய்ப் பார்த்தால் தேத்தண்ணித் தண்ணீர் அரைவாசி வற்றிப் போயிருந்தது. அதற்கும் எரிச்சல் வந்தது.

அன்னலட்சுமி குசினி மூலையில் தேங்காய் துருவிக்கொண்டிருந்தாள். துருவலைவிடக் கண்ணீர்தான் கூட விழுந்தது.

"மச்சாள், அழுதா நிக்கிற ஆளோ அவர்? வாயைத் திறந்து ஒண்டு சொல்லுங்கோவன்."

"சொன்னா ஆர் கேக்கிறது?" அன்னலட்சுமி சேலைத் தலைப்பால் முகத்தைத் துடைத்தாள். பிறகு குரலைத் தாழ்த்தினாள். "வியாழக்கிழமை விடிய நான்தான் அதைக் கவிட்டு ஊத்தினனான். கல்லுக்குக் கொஞ்சம் தண்ணி விடவேணும் எண்டு எனக்குத் தெரியாது. பிள்ளை பாவம், அழுதிட்டுது. இண்டைக்கும் ஊத்துவம் எண்டுதான் எழும்பினனான். எனக்கு முதல் அவர் அங்க நிண்டார்."

கவிழ்த்தது மச்சாள் என்று சுகிர்தமலருக்கு ஆச்சரியமே வரவில்லை. இன்னும் கொஞ்ச நாள் போயிருந்தால் அவளே கவிழ்த்திருப்பாள். ஆனால் கவிழ்க்கிறதுக்கு ஆள் இருந்த வீட்டில் நிரப்புகிறதுக்கும் ஓர் ஆள் இருந்திருக்கிறது. அது யார்?

அண்ணன் சந்திக் கடைக்குப் பீடி வாங்கப் போன நேரம் பார்த்து, அவள் தூணடிக்குப் போனாள். விரலை விட்டு நாக்கில் வைத்தாள்.

மழைத்தண்ணீருக்குச் சுவையே இருக்காது. துறைமுகப் பக்கத்துக் கிணறுகளுக்கு இருக்கும். அந்தக் கிணற்றுத் தண்ணீரில் அவர்கள் குளிப்பார்கள், சட்டி கழுவுவார்கள். குடிக்கிறதுக்கு மட்டும் ஒழுங்கை முனைப் பைப்புக்குக் குடத்தோடு போவார்கள். பத்து வருசமாக விடிய எழும்பி அந்தக் கிணற்றடியில் வாய் கொப்பளித்தவளுக்கு அந்த உவர்ப்பு எங்கே கண்டாலும் தெரியும். கஸ்தூரி சொன்னது சரி. இது கிணற்றுத் தண்ணீர்.

போத்தலைத் திருப்பிப் பார்த்தாள். விடிய வரைக்கும் தூறியிருந்தும், தூணும் செங்கல்லும் ஈரமாக இருந்தும், போத்தலின் வெளிப்பக்கம் மட்டும் துடைத்துவிட்டது போல உலர்ந்திருந்தது. போத்தல் செங்கல்லுக்கு நேரே, கோடு வீதியைப் பார்க்க, ஒழுங்காக நின்றது.

அந்த வீட்டில் எதைத் தொட்டாலும் துடைத்து வைக்கிற ஆள் ஒருவர்தான். சைக்கிளைத் துடைப்பார். குடையைத் துடைப்பார். தேத்தண்ணி குடித்த பேணியைக் கழுவித் துடைத்துக் கவிழ்த்து வைப்பார். விடிய முதல் எழும்பிக் கிணற்றில் அள்ளிக் குளிக்கிறதும் அவர்தான்.

"கடவுளே" என்றாள் சுகிர்தமலர், தூணைப் பார்த்து.

சனிக்கிழமை அரைநாள் வேலை. பாக்கியரத்தினம் மத்தியானம் வீட்டுக்கு வரும்போது, அண்ணன் வெள்ளை வேட்டியோடு முன்விறாந்தைச் சாய்மனைக்கதிரையில் இருந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் கட்டி முடித்த பை. அன்னலட்சுமி நின்ற நிலையில் சோறு போட்டாள், பிட்டு போடுவதுபோல உதிர்த்து உதிர்த்து. பாக்கியரத்தினம் பையைப் பார்த்தார். சைக்கிளைச் சாத்தினார். துடைக்காமலே உள்ளே வந்தார்.

சுகிர்தமலர் அவரைக் குசினிக்குள் இழுத்துக் கதவைச் சாத்தினாள். சத்தம் போட ஏலாது. இரண்டு சுவருக்கு அப்பால் அண்ணன் சொதி உறிஞ்சுகிறது கேட்கிறது.

"காலமை கிணத்தில அள்ளின தண்ணி முழுக்க உங்கட தலையில ஊத்தினீங்களோ? இல்லாட்டி வேற எங்கயும் ஊத்தினீங்களோ?"

அவர் சட்டி மூடியைப் பார்த்தார். பிறகு அடுப்பைப் பார்த்தார்.

"ஓம். நான்தான் ஊத்தினனான்."

மறுப்பார் என்று நினைத்து அவள் இன்னும் நிறையக் கேள்வி வைத்திருந்தாள். எல்லாம் வீணாய்ப் போயிற்று.

"ஏன்?"

"அஞ்சு மாசமா நான் அந்தக் கதிரையில இருக்கேல்ல, மலர்."

"என்ன?"

"வேலையால வந்து காலை நீட்டேல்ல. றேடியோவில நியூஸ் கேக்கேல்ல. என்ர வீட்டில நான் குசினி வாசல்ல குந்தியிருந்து சாப்பிடுறன்." பாக்கியரத்தினம் கிசுகிசுப்பிலும் கோபப்படத் தெரியாத மனிதர். அவருடைய குரல் கெஞ்சுவதுபோல இருந்தது. "அவர் நல்ல மனிசன். அதுதான் கரைச்சல். கெட்டவர் எண்டால் சண்டை பிடிச்சிருப்பன். என்னைக் கண்டா எழும்பப் பாக்கிறார். 'இருங்கோ மச்சான்' எண்டு நான்தான் சொல்லுறன். ஒவ்வொரு நாளும் சொல்லுறன்."

"ஒரு கதிரைக்காகவோ அந்த மனிசனை அந்தக் கரைக்கு அனுப்பினீங்கள்? கனகரத்தினம் எங்க எண்டு தெரியுமோ உங்களுக்கு?"

"போவார் எண்டு நினைக்கேல்ல. ஒரு நாளைக்கு மூண்டு தரம் போறன் போறன் எண்டு சொல்லுறவர்தானே. தண்ணி நூலுக்கு வந்தா என்ன செய்யிறார் எண்டு பாப்பம் எண்டு... விடிய அங்க நிண்டு, ஏனோ வாளியைக் கவிட்டிட்டன். கவிட்ட பிறகு எடுக்கத் தெரியேல்ல. துடைச்சு வைச்சிட்டு வந்திட்டன்."

அவளுக்கு அவரைப் பிடித்து உலுக்க வேண்டும் போல இருந்தது. அதே நேரம், ஐந்து மாதமாக அந்தக் கதிரையைப் பற்றி ஒரு சொல் சொல்லாத மனிதனைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது. முதல் நாள் "அண்ணன், கதிரையில இருங்கோ" என்று இழுத்து இருத்தியதே அவள்தான்.

"போய்ச் சொல்லுங்கோ. இது மழை இல்லை எண்டு சொல்லுங்கோ."

"என்னெண்டு சொல்லுறது? 'மச்சான், நீங்கள் போகவேணும் எண்டு நான்தான் ஊத்தினனான், ஆனா போகாதேங்கோ' எண்டோ?"

அதுதானே. சொல்லாவிட்டால் அண்ணன் பெய்யாத மழையை நம்பி அந்தக் கரைக்குப் போவார். சொன்னால், அண்ணனை அவளுக்குத் தெரியும், இந்த வீட்டில் ஒரு மிடறு தண்ணீர்கூட மிச்சம் குடிக்காமல் பெண்சாதி பிள்ளையோடு படலையைத் தாண்டுவார். தாண்டி எங்கே போவார்? இரண்டு பக்கமும் யோசித்துப் பார்த்தாள். எந்தப் பக்கமும் வழி இல்லை. அவளுடைய ஒரேயொரு நல்ல போத்தலை அன்றைக்கே பிடுங்கி அடுப்பில் போட்டிருக்க வேண்டும்.

முன்னால் பையைத் தூக்குகிற சத்தம் கேட்டது.

சுகிர்தமலர் கதவைத் திறந்துகொண்டு ஓடினாள். அண்ணன் படலையடியில் நின்று செருப்பு மாட்டினார். அன்னலட்சுமி தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிள்ளைகள் இருவரும் பக்கத்தில். பின்னால் பாக்கியரத்தினம் வந்து விறாந்தைப் படியில் நின்றுவிட்டார்.

"அண்ணன், நில்லுங்கோ. அது மழைத்தண்ணி இல்லை. கிணத்துத் தண்ணி."

அண்ணன் நிமிர்ந்தார்.

அந்த இடத்தில் உண்மையைச் சொல்லியிருக்கலாம். அவள் வாயில் வந்தது வேறு.

"உங்கட மகள்தான். விளையாட்டுக்கு ஊத்தியிருக்கிறாள். சின்னப் பிள்ளை, ஏசாதேங்கோ. நீங்கள் பையைக் கொண்டே உள்ள வையுங்கோ."

"நான் ஊத்தேல்ல, மாமி!" கஸ்தூரியின் கண் நிறைந்துவிட்டது. "நான்தானே உப்பு எண்டு சொன்னனான்!"

துஷ்யந்தி தாயின் முகத்தை நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையை சுகிர்தமலர் சந்திக்கவில்லை.

அண்ணன் தூணின் உச்சியைப் பார்த்தார். பிறகு மகளைப் பார்த்தார். கோபமே இல்லை.

"அவளுக்கு எட்டாது, மலர்."

குனிந்து செருப்பு வாரை இழுத்துவிட்டார்.

"காலமை இவளைத் தூக்கிறதுக்கு முதலே நானும் நக்கிப் பார்த்தனான்" என்றார் அண்ணன். "அஞ்சு மாசம் அதிலதானே குளிக்கிறன். எனக்குத் தெரியாதோ?"

"அப்ப ஏன் சிரிச்சீங்கள்? ஏன் போறன் எண்டு..."

"ஆரோ ஒராள் நான் போகவேணும் எண்டு விரும்பியிருக்கினம். வாயால சொல்ல ஏலாம தண்ணியால சொல்லியிருக்கினம். நான் முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு போனா உங்களுக்கெல்லாம் கவலையா இருக்கும். சிரிச்சுக்கொண்டு போவம் எண்டு பார்த்தன்." பையைத் தோளில் போட்டார். "ஆர் எண்டு நான் கேக்கேல்ல. நீயும் சொல்லாதை. இவையள் ரெண்டு பேரையும் மட்டும் கொஞ்ச நாளைக்குப் பார்த்துக்கொள்."

பாக்கியரத்தினம் படியில் இருந்து ஓரடி இறங்கினார். வாய் திறந்தது. "மச்சான்..." என்பதோடு நின்றுவிட்டது.

"இருங்கோ மச்சான்" என்றார் அண்ணன். "கதிரையில இருங்கோ. வேலையால களைச்சு வந்திருக்கிறியள்."

அவர் குத்திச் சொல்லவில்லை. அதுதான் தாங்க முடியாமல் இருந்தது. அன்னலட்சுமி அவர் கையைப் பிடித்தாள். அவர் மெல்ல விடுவித்துக்கொண்டு, ஒழுங்கையில் இறங்கி, சென்றியடியில் பையைத் திறந்து காட்டிவிட்டு, லாஞ்சி புறப்படுகிற ஜெட்டிப் பக்கம் திரும்பி மறைந்தார்.

அவர் போய்க் கொஞ்ச நேரத்தில், இவ்வளவு நாளும் ஏமாற்றிக்கொண்டிருந்த வானம் இருண்டது. கடலில் இருந்து காற்று கிளம்பி ஒழுங்கைத் தென்னைகளை வளைத்தது. துஷ்யந்தி போத்தலை எடுத்து உப்புத் தண்ணீரை ஊற்றினாள். பைப்புத் தண்ணீரால் கல்லைக் கழுவினாள். பூச்சியம் வரைக்கும் திரும்ப ஊற்றி, புனலைப் பொருத்தி, தூணில் வைத்தாள். கீழே நின்று எல்லாரையும் ஒரு முறை பார்த்தாள்.

"இனி இதை ஒருத்தரும் தொடக் கூடாது. அம்மாவும் தொடக் கூடாது."

பெற்ற தாயிடம் பேசுகிற பேச்சா இது? வேறு நாளென்றால் முதுகில் ஒன்று விழுந்திருக்கும். அன்றைக்கு சுகிர்தமலர் தலையை ஆட்டிவிட்டு உள்ளே போனாள்.

மழை பிடித்தது. மார்கழி மழை போல, ஓட்டிலிருந்து கயிறு கயிறாக இறங்கியது. அன்னலட்சுமி மகளை மடியில் வைத்துக்கொண்டு சுவரில் சாய்ந்திருந்தாள். பாக்கியரத்தினம் விறாந்தையில், சாய்மனைக்கதிரைக்கு இரண்டடி தள்ளி, கையைக் கட்டிக்கொண்டு நின்றார். நின்றுகொண்டே இருந்தார்.

"இருங்கோவன்" என்றாள் சுகிர்தமலர். "கதிரை சும்மாதானே கிடக்கு."

அவர் இருக்கவில்லை. சொன்ன பிறகு அவளுக்கே அந்தச் சொல் கசந்தது. ஆனால் திருப்பி எடுக்கவில்லை. அன்றைக்கு அந்த வீட்டில் ஒருவரும் ஒன்றையும் திருப்பி எடுக்கவில்லை.

மழை கொஞ்சம் விட்டதும் படலையில் குரல் கேட்டது. ஸல்ஹாவின் வாப்பா ஸஹாப்தீன். ஜெட்டியடியில் தேத்தண்ணிக்கடை வைத்திருப்பவர். சாக்கொன்றைத் தலையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகிற வழியில் எட்டிப் பார்த்தார்.

"தங்கச்சி, அண்ணன் வந்து சேந்திட்டாரா? நனஞ்சிருப்பாரே."

"அண்ணன் லாஞ்சியில போயிட்டார்."

"எந்த லாஞ்சியில? இண்டைக்குப் பின்னேரம் லாஞ்சி ஓடல்ல. காத்துப் பெலக்கிது எண்டு நேவிக்காரன் மறிச்சிட்டான். மழ புடிக்க முந்தியே எல்லாரயும் திருப்பி அனுப்பிட்டாங்க. அண்ணனும் பையோட என்ட கடையத் தாண்டித்தான் போனாரு. டீ குடிச்சிட்டுப் போங்க எண்டு கூப்பிட்டன், வேணாம் எண்டாரு. வீட்டுக்குத்தான் வாறாரு எண்டு நான் நினச்சன்."

ஜெட்டியிலிருந்து அந்த வீட்டுக்கு நடந்தால் ஒரு பீடி முடியாது. மழை பிடிக்க முதல் புறப்பட்டவர். மழை கொட்டி ஓய்ந்து, இருட்டப் போகிறது.

லாஞ்சி போகவில்லை. அண்ணன் வீட்டுக்கும் வரவில்லை.

அன்னலட்சுமி எழும்பிவிட்டாள். இருட்டினால் ஊரடங்கு; அந்த நேரத்தில் பையோடு வீதியில் நிற்கிற அந்தக் கரை ஆளை என்ன செய்வார்கள் என்று அந்த வீட்டில் யாரும் யாருக்கும் சொல்லத் தேவையில்லை.

பாக்கியரத்தினம் குடையை எடுத்தார். பிறகு குடையை விட்டுவிட்டுச் சைக்கிளை எடுத்தார். "நான் போய்ச் சொல்லுறன்" என்றார். யாருக்கு, எதை என்று சொல்லவில்லை. நனைந்த ஆசனத்தைத் துடைக்காமல் ஏறி, ஒழுங்கையில் போனார். ஸஹாப்தீனும் "பொறுங்க, நானும் வாறன்" என்று பின்னால் ஓடினார்.

சுகிர்தமலர் படலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பின்னாலிருந்து சேலையை யாரோ இழுத்தார்கள். கஸ்தூரி. இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு தூணைப் பார்த்தபடி நின்றது. மத்தியானம் தன் தலையில் விழுந்த பழியை அது மறந்துவிட்டதா, அல்லது தூக்குகிறதுக்கு வேறு ஆள் இல்லையென்று வந்ததா, தெரியவில்லை.

அவள் தூக்கினாள். பிள்ளை நினைத்ததைவிடப் பாரமாக இருந்தது. ஒவ்வொரு நாளும் அண்ணன் இதைத்தான் தூக்கினார்.

தண்ணீர் சிவப்பு நூலைத் தொட்டுக்கொண்டு நின்றது. யாரும் ஊற்றாத தண்ணீர். கஸ்தூரி புனலைத் தள்ளி விரலை விட்டது. நாக்கில் வைத்தது. முகம் மலர்ந்தது.

"இது உப்பில்லை, மாமி! இது மெய்யான மழை!" சொல்லிவிட்டு ஒழுங்கையை எட்டிப் பார்த்தது. "அப்பாட்டச் சொல்லவேணும். அப்பா எங்க?"